போகவா, இருக்கவா?

2005 செப்டம்பர். எனக்குப் பதினைந்து வயது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் வேலை செய்த பெரியப்பா மகன், ஈப்போவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

“சித்தி, கிளம்பிப் பதினாறு மணி நேரமாச்சு. இன்னும் ரோட்டுலதான் நிக்கிறேன். பெட்ரோல் தீர்ந்துடும்னு ஏர்கோன்கூடப் போடல.”

“புயலுக்குத்தானே ஓடுறே? பெருநாள் ஜாம் மாதிரி சொல்றியேப்பா!” என்றார் அம்மா.

அண்ணன் போக நினைத்த இடம் டல்லஸ். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போவதைவிடச் சற்றே அதிக தூரம். சாதாரண நாளில் நான்கு மணி நேரப் பயணம்.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியிருந்தது. அந்தப் பயம் ஆறுவதற்குள் மெக்சிகோ வளைகுடாவில் ரீட்டா ஐந்தாம் நிலைப் புயலாக வளர்ந்தது. கடலோரத்தில் இருந்தவர்கள் கட்டாயம் வெளியேற வேண்டும். ஆனால் அண்ணனைப் போல, கடலிலிருந்து எண்பது கிலோமீட்டர் உள்ளே இருந்தவர்களும் கிளம்பினார்கள். சுமார் 25 லட்சம் பேர் ஒரே நேரத்தில் சாலையில். உண்மையிலேயே ஓட வேண்டியவர்கள் அவர்களுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டார்கள்.

கடும் வெயில். டல்லஸ் அருகே முதியோர் இல்லத்தினரை ஏற்றிச் சென்ற பேருந்து தீப்பிடித்து, உள்ளேயிருந்த ஆக்சிஜன் கலன்கள் வெடித்தன. 23 முதியவர்கள் மாண்டார்கள். அந்த வெளியேற்றத்தில் மட்டும் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரீட்டாவோ திசை மாறி, 24-ஆம் தேதி டெக்சாஸ், லூசியானா எல்லையில் கரையேறியது. அண்ணன் வீட்டில் ஒரு ஜன்னல்கூட உடையவில்லை.

ஊடகவியல் படித்தபோது இதைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். பிறகு அங்கே அஞ்சல் குறியீட்டை வைத்து, யார் எப்போது கிளம்ப வேண்டும் என்று கடலோரத்தை மண்டலங்களாகப் பிரித்தார்கள். தண்ணீர் வந்தால் ஓடு, காற்று மட்டும் என்றால் வீட்டுக்குள் ஒளிந்துகொள் என்பதே அவர்கள் மக்களுக்குச் சொல்லும் பாடம். கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. பாடம் எனக்கு ஏறியதா என்பது வேறு கதை.

2021 டிசம்பர். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய அந்த வார இறுதியில் ஒலிவாங்கியின் முன்னால் நான். காலையிலிருந்து ஒரே வாக்கியம்: “பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்.” அப்போது ஒரு நேயர் அழைத்தார்.

“அக்கா, அம்மா படுத்த படுக்கை. தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு. பாதுகாப்பான இடம்னு சொல்றீங்களே, அது எங்கக்கா? போகவா, இருக்கவா?”

என்னிடம் பதில் இல்லை. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. “மாடி வீடாம்மா?” என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றார். அம்மாவை மேலே தூக்கிப் போகச் சொன்னேன். பாட்டு ஒன்றை ஓடவிட்டு, முகவரியை மீட்புப் படையினருக்குத் தெரிவித்தேன். அன்றிரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: “படகு வந்துச்சுக்கா. அம்மா நல்லா இருக்காங்க.”

அன்றிலிருந்து இடத்தின் பெயர் இல்லாமல் அந்த வாக்கியத்தை நான் வாசிப்பதில்லை.

இந்த மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நம் வீடு தாழ்வான இடமா? நடக்க முடியாதவரை யார் தூக்குவது? பக்கத்து நிவாரண மையம் எது? தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு வானொலியைக் கேட்டால், என்னைப் போல் ஒருத்தி முழிக்கத்தான் செய்வாள்.