பந்தயமும் பயணமும்

வீட்டைவிட்டுப் புறப்படுமுன் நாளும் கோளும் பார்ப்பது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். சூலம் எந்தத் திசையில் இருக்கிறது, இராகு காலம் எப்பொழுது தொடங்குகிறது, வாயிலில் எதிர்ப்படுபவர் யார் என்றெல்லாம் நுணுகி ஆராய்வார்கள். ஆனால், போய்ச் சேரவேண்டிய ஊரில் அன்றைய தினம் என்ன நடக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. இராகு காலம் வந்ததென்று எந்தக் கப்பலும் துறைமுகத்தில் நின்றுவிடுவதில்லை. சாலை அடைபட்டால் வண்டி நின்றுவிடும். வண்டி நின்றால், கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே, பிரயாணம் செய்ய எண்ணுவோர் பார்க்கவேண்டிய பஞ்சாங்கம் வேறொன்று உண்டு என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், பார்முலா ஒன் என்னும் மோட்டார் பந்தயம் உலகில் முதன்முறையாக அங்கே இரவில் நடத்தப்பட்டது. தொற்றுநோயின் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகள் அது நடைபெறவில்லை. மற்றப்படி ஆண்டுதோறும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ நடந்துவருகிறது. இதற்கென்று தனியே கட்டப்பட்ட ஓடுகளம் முழுவதுமாக இல்லை. மக்கள் அன்றாடம் நடந்தும் பஸ்ஸில் சென்றும் பழகிய பொதுச் சாலைகளே பெரும்பாலும் பந்தயச் சாலைகளாக மாறுகின்றன. பாடாங் திடலை ஒட்டிய ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை, ஆண்டர்சன் பாலம், எஸ்பிளனேட் டிரைவ் போன்றவை வேலியிட்டு அடைக்கப்படுகின்றன. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களே பந்தய நாட்கள் எனினும், அந்த வாரத்தின் நடுவிலேயே சாலைகளை மூடத் தொடங்கிவிடுவார்கள். பந்தயம் முடிந்த பின்னரும் அவை உடனே திறக்கப்படுவதில்லை. 2023இல் ஒரு சுற்றின் நீளம் 4.94 கிலோமீட்டராக இருந்தது. இவ்வாறு 62 சுற்றுகள். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஓட்டம். இதை இரண்டு மணி நேரத்திற்குள் ஓடி முடிப்பதற்காகவே இத்தனை ஏற்பாடுகள்!

நிற்க. இப்பந்தயம் நமது குடும்பத்தாரின் பிரயாணத்திற்குக் குறுக்கே வந்த விதத்தைச் சொல்லுவோம்.

நமது மூத்த சகோதரியார் குளுவாங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் வெட்டியவர். தாயார் மறைந்த பின் நம்மை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவரே. அவருக்கு இருபது வயதாயிருந்தபோது, நமது தாய்மாமன் குடும்பத்தோடு தமிழ்நாட்டிற்குத் திரும்பினார். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதனால் பிழைப்பிழந்து கப்பலேறிய தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுள் நமது மாமனும் ஒருவர். 1970இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பலில் அவர்களை ஏற்றிவிட்டு வந்தோம். அக்காள் கையசைத்துக்கொண்டு நின்றது நமக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதன் பிறகு மாமனை நாம் கண்டதே இல்லை. அன்று முதல் கப்பல் என்றால் அக்காளுக்கு மனிதரைப் பிரிக்கும் ஒரு பொருளாகவே தோன்றிவந்தது. ஆனால் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யாரும் எதிர்பாராத வகையில், “தம்பி, கப்பலை வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கவேண்டும்” என்றார். அப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது. இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூடிய நிலை அது அன்று.

அக்காளின் மகன், நமக்கு மருமகன், ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். அவனுக்கும் அவன் மனைவிக்கும் ஒருசேர விடுமுறை கிடைத்தது செப்டம்பர் மாதத்தின் நான்காம் வாரத்தில் மட்டுமே. அந்த வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல் ஒன்று ஞாயிறு மாலை 5 மணிக்குப் புறப்பட்டுப் புதன்கிழமை திரும்புவதாக இருந்தது. பேரன் உட்பட ஐந்து பேருக்குச் சீட்டுப் பதிவாயிற்று. சீட்டு விற்ற நிலையத்தார் அறையின் அழகையும் உணவின் வகைகளையும் விரிவாகச் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது செப்டம்பர் 22, பந்தய நாள் என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பந்தயப் பித்துள்ள பேரன்தான் தேதியைக் கண்டவுடன் அதைச் சொன்னான்.

வீட்டில் ஆலோசனை கூடிற்று. “மாமா, கடற்பாலத்தில் சனி ஞாயிறு என்றாலே நெரிசல். இதில் பந்தயக் கூட்டமும் சேர்ந்தால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பணம் போனால் போகட்டும், நிறுத்திவிடலாம்” என்றான் மருமகன். அவன் சொன்னதிலும் நியாயமுண்டு. புறப்படும் நாள் நெருங்க நெருங்க, நீக்கம் செய்தால் திரும்பக் கிடைக்கும் பணம் குறைந்துகொண்டே போகும். உறவினர் ஒருவரோ பந்தயத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. “ஞாயிறு 4.30 முதல் 6 வரை இராகு காலம். 5 மணிக்குக் கப்பல் புறப்படுவதாவது!” என்பதே அவருடைய ஆட்சேபம். அதற்கு அக்காள் அமைதியாக ஒரு விடை சொன்னார்: “எங்கள் மாமாவை நல்ல நேரம் பார்த்துத்தான் கப்பலேற்றினோம். திரும்பி வந்தாரா?” அதன் பிறகு இராகு காலத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. மிஞ்சி நின்றது பந்தயம் ஒன்றே. அது கிரகமன்று, மனிதர் வகுத்த ஏற்பாடு. மனிதர் வகுத்ததை மனிதர் விசாரித்து அறியலாம் அல்லவா?

முதலில் இடத்தை விசாரித்தோம். பந்தயம் நடப்பது மரினா பே. கப்பல் புறப்படுவது மரினா பே கப்பல் நிலையம். பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டே பலர் மிரண்டுவிடுகிறார்கள். உண்மையில் 2012இல் திறக்கப்பட்ட அந்தக் கப்பல் நிலையம் மரினா சவுத் பகுதியில், பந்தயச் சாலைகளுக்கு அப்பால், கடலை நோக்கி இருக்கிறது. மேலும், சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல்கள் நிற்குமிடம் இதுவொன்று மட்டுமன்று. ஹார்பர்பிரண்டிலும் ஒரு நிலையம் உண்டு. நமது கப்பல் எங்கே நிற்கிறதென்று சீட்டைப் பார்த்து அறியாமல் பந்தயத்தைக் கண்டு அஞ்சுவதில் பொருளில்லை.

அடுத்து வழியை விசாரித்தோம். மருமகனின் நண்பர் ஒருவர் தினந்தோறும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் பஸ் ஓட்டுபவர். சீட்டு விற்றவர்கள் சொல்லாததை அவர் சொன்னார். வாடகைக் காரில் வருவோர், 2013 இறுதியில் திறக்கப்பட்ட மரினா கோஸ்டல் விரைவுச்சாலை வழியாக நகரத்தின் நடுப்பகுதியைத் தொடாமலே கப்பல் நிலையத்தை அடையலாம். எனினும், பந்தய நாளில் வாடகைக் கார் கிடைப்பதே அரிது. எல்லாவற்றிலும் நம்பத்தக்கது எம்.ஆர்.டி. ரயில்தான். உட்லண்ட்ஸில் ஏறினால் வண்டி மாறாமலே சிட்டி ஹால், ராபிள்ஸ் பிளேஸ், மரினா பே ஆகிய நிலையங்களைக் கடந்து, அந்தப் பாதையின் கடைசி நிலையமாகிய மரினா சவுத் பியரில் இறங்கலாம். மரினா பே என்ற பெயரைக் கேட்டு ஒரு நிலையம் முன்னதாகவே இறங்கிவிடக்கூடாது. நகரத்தின் நடுவே ரயில் நிலத்தின் கீழே ஓடுவதால், மேலே எத்தனை சாலைகள் அடைபட்டாலும் அதற்குத் தடையில்லை. பந்தயக் கூட்டம் பிற்பகலுக்குப் பிறகே திரளும். காலையில் வண்டிகள் காலியாயிருக்கும். இவ்வளவையும் அந்த நண்பர் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். ஊரில் திருவிழா என்றால் வேலைக்குப் போகும் மனிதருக்குத்தான் வழி நன்றாகத் தெரியும். ஏனெனில், திருவிழா அவரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

மூன்றாவதாக நேரத்தை எண்ணினோம். பலரும் வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தை முதலில் வைத்துக்கொண்டு முன்னோக்கி எண்ணுகிறார்கள். பின்னோக்கி எண்ணுவதே சரியான முறை. கப்பல் 5 மணிக்குப் புறப்படுகிறது என்பது நமக்குரிய கணக்கன்று. ஏறும் வாயில் 3.30க்கு மூடப்படுகிறது என்பதே நமக்குரிய கணக்கு. ஆகவே பகல் 1 மணிக்கு நிலையத்தில் இருக்கவேண்டும். மரினா சவுத் பியரிலிருந்து கப்பல் நிலையத்திற்கு விரைந்து நடப்போர்க்குப் பத்து நிமிடம். அக்காளுக்கு, இடையில் உட்கார்ந்து எழுந்து செல்ல, அரைமணி என்று வைத்தோம். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசை நீண்டால் இரண்டு மணி. இப்படிப் பின்னோக்கி எண்ணியபோது, ஞாயிறு காலை 9.30 மணிக்கு ஜொகூர் பாருவை விட்டுப் புறப்படவேண்டும் என்று கணக்கு நின்றது. பந்தய வாரத்தில் சிங்கப்பூரில் அறை வாடகை நம் கைக்கு எட்டாது. ஆதலால் சனி இரவு ஜொகூர் பாருவிலேயே எளிய விடுதி ஒன்றில் தங்கினோம். கடப்பிதழ்கள் ஆறு மாதத்திற்குக் குறையாமல் செல்லுபடியாகுமா என்று முன்னரே சரிபார்த்தோம். சிங்கப்பூர் வருகை அட்டையைக் கைப்பேசி வழியாக மூன்று நாளைக்குள் நிரப்பினோம். கப்பலில் திரும்பி வந்து இறங்குவதும் ஒரு வருகையே என்பதால் அதற்கும் தனியே நிரப்பவேண்டும் என்பதைக் குறித்துவைத்தோம்.

இவ்வளவையும் செய்தபோது ஓர் உண்மை நமக்கு விளங்கிற்று. மருமகன் முதலில் போட்ட திட்டத்தில் எல்லாம் அவனுடைய கால்களின் வேகத்தில் அமைந்திருந்தன. அந்தத் திட்டத்தின்படி அக்காள் ஒரு சுமை. எவராவது இழுத்துச் செல்லவேண்டிய பெட்டிகளில் ஒன்று. அக்காளின் நடையையே அளவாகக் கொண்டு திட்டத்தை மாற்றியபோது, அவர் சுமையாக இல்லை. மற்ற நால்வருக்கும் கூட அவசரம் இல்லாமற் போயிற்று. பேரன் சக்கர நாற்காலியைத் தள்ளும் பொறுப்பைத் தானே கேட்டு ஏற்றுக்கொண்டான். பந்தயத்தைப் பார்க்க முடியாத வருத்தம் அவனுக்கு இருந்தது. அதை அவன் மறைக்கவுமில்லை, அதற்காக முகத்தைச் சுளிக்கவுமில்லை.

பயணம் எவ்வாறு நடந்தது என்பதை நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. சாவடியில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ரயிலில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. சிட்டி ஹால் நிலையம் வந்தபோது, பந்தயச் சீட்டைக் கழுத்தில் மாட்டிய சிலரும், சீருடை அணிந்த துப்புரவுத் தொழிலாளரும் காவலாளிகளும் இறங்கினார்கள். “நமக்கு மேலேதான் பாட்டி ஓட்டப்போகிறார்கள்” என்றான் பேரன். “ஓட்டட்டும். நாம் கீழே நிதானமாகப் போவோம்” என்றார் அக்காள். 12.40க்குக் கப்பல் நிலையத்தில் இருந்தோம். ஏறுபலகையருகே அக்காள் சக்கர நாற்காலியைவிட்டு எழுந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தாமே நடந்து உள்ளே சென்றார். இரவு 8 மணிக்குப் பந்தயம் தொடங்கிய நேரத்தில் கரை நெடுந்தூரம் பின்னே போய்விட்டது. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த அவர், “மாமா இப்படித்தான் கரையைப் பார்த்துக்கொண்டே போயிருப்பார்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்பர்களே! பெரிய நகரங்களில் பெருவிழாக்கள் வந்துகொண்டேதான் இருக்கும். மோட்டார் பந்தயமோ, கால்பந்து இறுதியாட்டமோ, மாரத்தான் ஓட்டமோ, ஏதேனும் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். நம்மைப் போன்றோரின் வசதியைக் கேட்டு அவை நாள் குறிப்பதில்லை. அதற்காக, நம் முதியோர் ஒருமுறை காணவிரும்பியதைக் காணாமலே இருக்கவேண்டும் என்பதுமில்லை. சீட்டுப் பதிவு செய்யுமுன் நகரத்தின் நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். எந்த நிலையம், எந்த வழி, எந்த நேரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். விடை தெரிந்தவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தொழிலாளியாகவே இருப்பார். அவரைக் கேட்க வெட்கப்படாதீர்கள். அப்படியும் முடியாதென்று தெரிந்தால் காலத்தோடு நாளை மாற்றுங்கள். மாற்றுவதும் ஒரு திட்டமே.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யார் என்று பார்த்து, அவருடைய காலைக் கொண்டு நேரத்தை அளந்துகொள்ளுங்கள். பந்தயத்தில் முதலில் வந்தவர் வென்றவர். குடும்பத்தோடு செல்லும் பயணத்திலோ, கடைசியில் நடந்துவருபவர் வந்து சேர்ந்த பிறகுதான் மற்றவர்களும் வந்து சேர்ந்ததாகக் கணக்கு.