புல்டோசருக்கு என்ன நிறம்?

தாங்கி என்றால் எங்கள் ஊரில் முதலில் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வரும். நுரைச்சோலை மணல் பூமி. வீட்டுக்கு வீடு கூரையை ஒட்டிக் கறுப்புத் தாங்கி நிற்கும். பத்திரிகையில் வந்த யுத்த தாங்கியும் அதே சொல்தான். ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 1916 செப்டெம்பர் 15 ஆம் திகதி, பிரான்சின் சொம் போர்முனையில் பிரித்தானியர் முதன்முதலாக அந்த இரும்பு வண்டிகளை இறக்கினார்கள். இரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, தயாராவது தண்ணீர்த் தாங்கி என்று சொல்லி வைத்திருந்தார்கள். மறைக்கச் சொன்ன பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டு ஆங்கிலத்தில் குளத்துக்கும் அதுவே பெயர். ஒரு முறை ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவன், "குளங்கள் எதிரியை நோக்கி முன்னேறின" என்று மொழிபெயர்த்து எழுதித் தந்தான். அந்த வரிக்கு நான் புள்ளி குறைக்கவில்லை.

நான் வரலாறும் கணிதமும் படிப்பிக்கிறவன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றபோது இப்படி ஒரு வேலை என்னிடம் வரும் என்று எவரும் சொல்லித் தரவில்லை. என்னிடம் ஓ.எல். படித்து முடித்த ஒரு பையன், பழைய மடிக்கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரத் தொடங்கினான். அதில் ஓடுவது 2001 இல் வெளியான சிவிலைசேசன் 3 என்ற விளையாட்டு. கிறிஸ்துவுக்கு முன் 4000 இல் ஓர் ஊரை அமைத்து, வயல் செய்து, பாதை போட்டு, எழுத்தையும் இரும்பையும் கண்டுபிடித்து, கடைசியில் அணுகுண்டு வரை போகலாம். கணினி பழையது, விளையாட்டும் பழையது, இரண்டும் ஒத்துப்போய்விட்டன. பையன் விளையாடுவது குறைவு. விளையாட்டில் இல்லாத தாங்கிகளைத் தானே செய்து உள்ளே சேர்ப்பதில்தான் அவனுக்கு ஆசை. இப்படிச் சேர்ப்பதை 'அலகு' என்கிறான். எங்கள் ஊரில் அலகு என்றால் அனல் மின்நிலையத்தின் மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் 300 மெகாவாற். அதில் ஒன்று நின்றால் நாடே பேசும். இவனுடைய அலகு விரல் நகமளவுதான்.

ஆனால் அந்த நகமளவுக்குள் இருக்கும் வேலை கொஞ்சமல்ல. முதலில் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் தாங்கியை முப்பரிமாணத்தில் கட்ட வேண்டும். பிறகு அதை எட்டுத் திசைக்கும் திருப்பிப் படமெடுக்க வேண்டும். நிற்பது, ஓடுவது, சுடுவது, சாவது எல்லாம் வேறு வேறு. ஓர் அசைவுக்கு 15 படம் என்றால் எட்டுத் திசைக்கு 120. நான்கு அசைவுக்கு 480. ஒரு படத்தில் சக்கரம் பிசகினாலும் ஓடும்போது தாங்கி நொண்டும். இவ்வளவு பொறுமையை என் கணித வகுப்பில் அவனிடம் நான் கண்டதில்லை.

அவன் முதலில் செய்தது ரி-55. சோவியத் தயாரிப்பு, 100 மில்லிமீற்றர் பீரங்கி, உள்ளே நான்கு பேர், எடை ஏறக்குறைய 36 தொன். 1990களின் முற்பகுதியில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து இலங்கை இராணுவத்துக்கு வந்தது. "சேர், இதுட சக்கரத்தைப் பாருங்க" என்றான். பக்கத்துக்கு ஐந்து சக்கரம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி அதிகம். அடுத்து வந்த ரி-62 இல் அந்த இடைவெளி பின்பக்கம் போய்விட்டது. இந்த இடைவெளியை வைத்தே தூரத்திலிருந்து எது எதுவென்று சொல்லலாமாம். பாடப்புத்தகத்தில் ஆண்டையும் பெயரையும் மனனம் செய்கிற பிள்ளை, ஓர் இடைவெளியை வைத்து ஒரு பொருளின் வயதைச் சொல்கிறான். வரலாறு படிப்பதென்பது இதுதானே என்று எனக்குப் பட்டது. ஆசிரியர் அறையில் ஒரு நண்பர், "யுத்தத்தில செத்த சனத்த வச்சு விளையாட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் கையால் செய்து பார்க்கிறவன் எதையும் இலேசாக எடுத்துவிட மாட்டான் என்பது என் எண்ணம்.

உருவம் முடிந்தால் இலக்கம் போட வேண்டும். தாக்குதலுக்கு ஒன்று, காப்புக்கு ஒன்று, நகர்வுக்கு ஒன்று. விளையாட்டோடு வருகிற சாதாரணத் தாங்கிக்கு 16, 8, 2. பழங்காலத்து ஈட்டிக்காரனுக்கு 1, 2, 1. மோதும்போது தாக்குகிறவனின் இலக்கத்தையும் காக்கிறவனின் இலக்கத்தையும் கூட்டி, அந்தப் பங்குப்படி ஒவ்வொரு அடியும் தீர்மானிக்கப்படுகிறது. ஈட்டிக்காரனைத் தாங்கி அடித்தால் 16 உடன் 2, மொத்தம் 18. ஈட்டிக்காரனுக்கு ஓர் அடியில் ஒன்பதில் ஒரு வாய்ப்பு. இரண்டு பக்கமும் மூன்று அடி தாங்கும் என்று வைத்து, மேடு மதில் என்ற மேலதிகங்களை விட்டுக் கணக்குப் பார்த்தோம். நூறில் ஒரு தடவைக்குச் சற்று மேலாக ஈட்டிக்காரனே வெல்வான். உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்காரர்கள் சொல்லிச் சிரிக்கிற பகிடி இது, ஈட்டி தாங்கியை வென்ற கதை. பையனும் சிரித்தான். நான் அவனுக்கு ஆனையிறவைச் சொன்னேன்.

1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமை முற்றுகையிட்டார்கள். ஒரு புல்டோசரைச் சுற்றி இரும்புத் தகடு அடித்து, அதையே தாங்கியாக்கி முகாமை நோக்கி ஓட்டினார்கள். ஜூலை 14 அன்று காமினி குலரத்ன என்ற சிங்க றெஜிமென்ற் கோப்ரல், சன்னங்களுக்கு நடுவே ஓடி, அதில் ஏறி, உள்ளே கைக்குண்டு வீசினார். உள்ளே இருந்தவர்களும் செத்தார்கள், அவரும் செத்தார். நாட்டின் அதியுயர் படை விருதான பரம வீர விபூஷணய அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் புல்டோசர் இன்று ஏ-9 பாதையோரம் நினைவுச் சின்னமாக நிற்கிறது. யாழ்ப்பாணம் போகிற பஸ்கள் அங்கே நிற்கும், ஆட்கள் இறங்கிப் படமெடுப்பார்கள். நூறில் ஒன்று என்ற இலக்கத்துக்கு ஒரு முகம் இருந்தது, எதிர்ப்பக்கத்தில் தகட்டுக்குள் இருந்தவர்களுக்கும் முகம் இருந்தது.

அடுத்த வாரமே பையன் புல்டோசரைச் செய்துகொண்டு வந்துவிட்டான். துரு பிடித்த தகடு, முன்னால் மண் தள்ளும் அலகு, எல்லாம் சரி. இடறியது நிறத்தில். இந்த விளையாட்டின் படங்களுக்கு 256 நிறங்கள்தான். அவற்றில் ஒரு பகுதி சொந்தக்காரனுக்கென்று ஒதுக்கப்பட்டது. எந்த நாடு அந்த அலகைக் கட்டுகிறதோ அந்த நாட்டின் நிறம் அந்த இடத்தில் தானாக வந்து உட்காரும். ஆகவே எந்த அலகிலும் கொஞ்ச இடத்தைச் சொந்தக்காரனுக்கு விட்டுத்தான் ஆக வேண்டும்.

"சேர், இது ஆர்ட நிறம்? செஞ்சது ஒராள், இப்ப வச்சிருக்கிறது இன்னொராள்."

பிறகு, கேட்கவா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டான். "நம்மட ஆக்களுக்கு இதுல என்ன நிறம் சேர்?"

அவனுடைய குடும்பம் மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் அவர்களும் சேர்த்தி. அப்போது எனக்குப் பத்து வயது. மன்னார்த் தீவு ஆட்களை ஏற்றிய வள்ளங்கள் கற்பிட்டிக் கரைக்கு வந்தன. எங்கள் பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது, வகுப்பறைகளில் குடும்பங்கள். பிறகு தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் கொட்டில்கள், தண்ணீருக்கு வரிசை. வெறுங்கையோடு வந்தவர்கள் எங்கள் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றார்கள். சொந்த வயல் வைத்திருந்தவர்கள் புல் பிடுங்கினார்கள்.

விளையாட்டில் இதற்கு அலகு உண்டா என்று தேடிப் பார்த்தோம். கிட்ட வருவது 'குடியேறி' என்ற அலகு ஒன்றுதான். தாக்குதல் 0, காப்பு 0. காப்பு இல்லாத இந்த அலகை எதிரி கொல்வதில்லை, பிடித்துக்கொள்கிறான். பிடிபட்ட குடியேறி இரண்டு தொழிலாளியாக மாறிவிடுவான். எந்த நாட்டுக்காரன் எழுதிய விதியோ, அதை வாசித்தபோது எங்கள் வெங்காயத் தோட்டங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. பையனிடம் சொல்லவில்லை. அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் அவனைத் தேடி அவனுடைய மூத்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மறிச்சுக்கட்டியில் பிறந்தவர். திரையில் சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது காடு வெட்டுற மிசின் தானே மகன்? நம்மட காணிக்குள்ள விட்டாங்களே, அது."

யுத்தம் 2009 இல் முடிந்து திரும்பிப் போனவர்கள், இருபது வருடக் காட்டுக்குள் தங்கள் வளவைத் தேட வேண்டியிருந்தது. கிணற்றையும் பள்ளிவாசல் சுவரையும் வைத்து எல்லை கண்டார்கள். அங்கே காடு துப்பரவாக்கப்பட்டபோது, வில்பத்து வனம் அழிகிறது என்று 2015 இல் நாடெங்கும் சத்தம் எழுந்தது. அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கிறவனல்லன், அது வேறு கட்டுரை. மூத்தம்மாவுக்குப் புல்டோசர் என்றால் ஆனையிறவு அல்ல. உம்மா வாப்பாவின் வளவு வெளிச்சத்துக்கு வந்த நாள்.

அவர் போன பிறகு பையன் விளையாட்டின் திருத்தி மென்பொருளைத் திறந்தான். ஒவ்வொரு அலகுக்கும் என்னென்ன வேலை தெரியும் என்று அடையாளமிடச் சிறு சிறு பெட்டிகள் இருக்கின்றன. பாதை போடுதல், வயல் செய்தல், காடு வெட்டல் எல்லாம் தொழிலாளிக்கு உரியவை. ஆனால் எந்த அலகுக்கும் கொடுக்கலாம், விதி தடுக்காது. காடு வெட்டல் என்ற பெட்டியில் அடையாளமிட்டான். தாக்குதலை 0 ஆக்கினான். காப்பில் கை நின்றது.

"ஸீரோ போட்டா பிடிச்சிருவாங்க சேர்."

"அப்ப கூட்டிப் போடு" என்றேன்.

8 போட்டான். நிறத்துக்கான இடத்தை இன்னும் ஒதுக்கவில்லை. இப்போதைக்கு அது துருவின் நிறத்திலேயே எட்டுத் திசைக்கும் திரும்பிக்கொண்டிருக்கிறது.