பூட்டிய வீட்டில் விளக்கு

பேய்களில் நமக்கு நம்பிக்கை இல்லை. பேய்க்கதைகளில் விருப்பம் உண்டு. சிவகாசியிலிருந்து 1986இல் வெளிவரத் தொடங்கிய ‘திகில் காமிக்ஸ்’ இதழ்களைப் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கி, பாடப் புத்தகத்துள் மறைத்துப் படித்தவர் நாம். தில்லிக்குக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் ஓரிரு இதழ்கள் எஞ்சியிருந்தன. ஒரு கோடை விடுமுறையில் நம் மகள் அவற்றை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கலானாள்.

அத்தகைய கதைகளுள் ஒருவகை நமக்கு மனப்பாடம். முகமறியாத மாமன் இறப்பான். வழக்கறிஞரின் கடிதம் வரும். வாரிசு அந்தப் பழைய மாளிகைக்குப் போவான். நள்ளிரவில் மாடியறையில் விளக்கெரியும். அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1954இல் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சித்திரக்கதை விதிகள், நடமாடும் பிணம், இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் ஆகியவற்றை விலக்கின. வாரிசு வீடு அப்பட்டியலில் இல்லை. அதை விலக்க யாரால் இயலும்?

“நம்ம வீட்டில பேய் இருக்காப்பா?” என்றாள் மகள். அரசுக் குடியிருப்பில் பேய் தங்காது என்றோம். ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைக்க வேண்டிய வீட்டில் எந்த ஆவி உரிமை கொண்டாடும்?

“இது இல்லப்பா, ஊர் வீடு” என்றாள்.

கும்பகோணத்துக்கு அருகே, பணிப் பதிவேட்டில் சொந்த ஊர் என நாம் எழுதிக்கொடுத்த கிராமத்தில், தந்தையார் விட்டுச்சென்ற ஓட்டு வீடு. தாயாரும் மறைந்தபின் பூட்டியே கிடந்தது. வெள்ளிக்கிழமை இரவுகளில் உள்ளே வெளிச்சம் தெரிவதாகவும், பிள்ளைகள் அப்பக்கம் போக அஞ்சுவதாகவும் அண்டைவீட்டுப் பெரியவர் தொலைபேசியில் சொன்னார். விற்றுவிடுவதே நலம் என்று முடிவு செய்தோம். தங்கையிடம் கையெழுத்து வாங்க விடுதலைப் பத்திரம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு, விடுமுறைப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு ரயிலேறினோம்.

போய்ச்சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. துருவேறிய வாசற்பூட்டோடு போராடுகையில், கூரையின் கண்ணாடி ஓட்டில் வெளிச்சம் தெரிந்தது. மகள் நம் கையை இறுகப் பற்றினாள். கொல்லைப்புறம் சுற்றிப் போனோம். தாயார் விளக்கேற்றிய அதே மாடத்தில் அகலை வைத்துவிட்டு, தங்கை தரையில் அமர்ந்திருந்தாள். வீடு பெருக்கி மெழுகப்பட்டிருந்தது. இரண்டு பேருந்து மாறி வாரந்தோறும் வருகிறாளாம். கொல்லைக்கதவுச் சாவியைத் தாயார் அவளிடம் கொடுத்திருந்தார். அவள் நம்மிடம் சொன்னதில்லை, நாம் கேட்டதுமில்லை.

“விக்கப்போறதா சொன்னாங்க. எங்கண்ணா கையெழுத்துப் போடணும்?” என்றாள்.

உயில் எழுதாது மறைந்த தந்தையின் சொத்தில் மகனுக்கு இணையான பங்கு மகளுக்கும் உண்டென்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் முன்வராத வரையில், பிரிக்கக் கோர முடியாதென அதிலிருந்த தடையையும் 2005இல் நீக்கிவிட்டனர். இவையெல்லாம் அறிந்த எழுத்தர் நாம். அறிந்தேதான் பத்திரம் கொண்டுபோனோம். தங்கை எதிர்த்துக் கேட்கமாட்டாள் என்னும் துணிவு.

கதைகளில் வரும் ஆவி, தனக்கு மறுக்கப்பட்டதைக் கேட்டு அலையும். கேட்கும் உரிமையுள்ள இவளோ கேளாமல் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். நாம் பையைத் திறக்கவில்லை. திரும்புகையில் வாசற்சாவியையும் அவளிடமே கொடுத்தோம். விற்பதோ வைத்திருப்பதோ, இனி இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது.

பேயைக் காணவில்லையே என்று மகளுக்குத்தான் ஏமாற்றம். அது தில்லியிலிருந்து பயணச் சலுகையில் வந்திருந்தது என்பதை அவளிடம் நாம் சொல்லவில்லை.