அகிஹபாராவிலிருந்து இரண்டாவது நிலையம்

தோக்கியோ போகிறவர்கள் ஒரு நாளை அகிஹபாராவுக்கு ஒதுக்காமல் திரும்புவதில்லை. கேமரா, கணினி, கார்ட்டூன் பொம்மை என்று அங்கே கிடைக்காத பொருள் குறைவு. நானும் தம்பியும் தேடிப் போனது இருபத்தைந்து வயதான ஒரு வீடியோ கேமை. நிண்டெண்டோ 64 பெட்டியில் போட்டு விளையாடும் மல்யுத்த கேம்.

அகிஹபாரா இன்று கேம்களுக்குப் பெயர் போன இடம். ஆனால் அது வளர்ந்தது வானொலியால். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கே வானொலி உதிரிபாகங்களை விற்கும் கள்ளச் சந்தை ஒன்று உருவானது. அதன் மிச்சம் இரயில் பாதைக்கு அடியில் 'ரேடியோ சென்டர்' என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. ஆள் நுழையவே சிரமமான சந்துகள். தட்டுத் தட்டாகக் கம்பிச்சுருள், வால்வு, பொத்தான். வானொலியில் வேலை செய்கிறவள் என்பதால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். "அக்கா, நாம வந்த வேலை வேற" என்று தம்பி இழுத்துக்கொண்டு போனான்.

அவன் தானாகப் பேசியதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. சிங்கப்பூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்தபோது அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. கிள்ளான் வீட்டுக்குத் திரும்பிய பிறகு மூன்று மாதமாகக் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில். பயணத்துக்கு டிக்கெட் எடுத்தது நான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கடப்பிதழை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.

பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் 'சூப்பர் பொடேட்டோ' பழைய கேம்களுக்குப் புகழ்பெற்ற கடை. குறுகிய படிக்கட்டில் ஏற வேண்டும். மூன்றாம் மாடியில் தொடங்கி மேலே மேலே பழைய கேம் பெட்டிகள், அலமாரி நிறைய கேம்கள். உச்சி மாடியில் நாணயம் போட்டு விளையாடும் பழைய இயந்திரங்களும், ஜப்பானியப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் சில்லறைக்கு வாங்கித் தின்ற மிட்டாய்களும். நாம் சின்ன வயதில் 'கேசட்' என்று சொல்வோமே, இங்கேயும் அதை 'கசெட்டோ' என்றுதான் சொல்கிறார்கள்.

நாங்கள் கேட்டது 'டபள்யூ.டபள்யூ.எஃப். நோ மெர்சி'. 2000 நவம்பரில் வெளிவந்த கேம். மறு ஆண்டு எங்கள் மாமா வாங்கி வந்தார். அந்தப் பெட்டியில் நான்கு பேருக்கு நான்கு துளை உண்டு. பள்ளி விடுமுறையில் மாமா பிள்ளைகள் இருவரும் நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்து ஆடுவோம். தி ராக், ஸ்டோன் கோல்ட், அண்டர்டேக்கர். அமெரிக்க மல்யுத்தம், அமெரிக்க கேம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தோம்.

கடை ஊழியர் தலையாட்டினார். நோ மெர்சி ஜப்பானில் விற்பனைக்கு வரவே இல்லையாம். தம்பியின் முகம் சுருங்குவதற்குள் வேறொரு கேசட்டை எடுத்து வைத்தார். 'வெர்ச்சுவல் புரோ ரெஸ்லிங் 2'. கைப்பேசி மொழிபெயர்ப்பில் அவர் காட்டிய வாக்கியம்: இதை உருவாக்கியவர்கள்தான் அதையும் உருவாக்கினார்கள்.

உண்மைதான். இரண்டுமே ஏ.கே.ஐ. என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கைவேலை. 1995-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் 1997 முதல் 2000 வரை நிண்டெண்டோ 64-க்கு ஆறு மல்யுத்த கேம்களைச் செய்தது. நான்கு அமெரிக்க மல்யுத்தக் குழுக்களின் பெயரில். இரண்டு ஜப்பானியச் சந்தைக்கு. 2000 ஜனவரியில் வந்த இந்தக் கேம், 'ஆல் ஜப்பான்' என்ற மல்யுத்தக் குழுவின் உரிமத்தோடு வந்தது. பத்து மாதம் கழித்து வந்த நோ மெர்சி இதற்குத் தம்பி முறை.

இயங்கும் நிலையில் உள்ள பெட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு உவெனோவில் எங்கள் அறைக்கு வந்தோம். தொலைக்காட்சியின் பக்கவாட்டில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தன. திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. ஒன்றும் புரியவில்லை. ஆனால் மணி அடித்ததும் கை தானாக வேலை செய்தது. 'ஏ' பொத்தானைத் தட்டினால் இலேசான பிடி, அழுத்திப் பிடித்தால் வலுவான பிடி. பிடித்த பிறகு எந்தத் திசையோடு எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அதற்கேற்ற அடி. உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு இந்தக் கேமில் கிடையாது. வீரரின் ஊக்கத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றுதான். நடுவில் இருக்கும் குச்சியை அசைத்தால் உங்கள் ஆள் கூட்டத்தைப் பார்த்துச் சவால் விடுவார், ஊக்கம் ஏறும். அடி வாங்கினால் இறங்கும். ஆட்டம் தொடங்கியதுமே பெரிய பிடி போடப் பார்த்தால் எதிராளி அதைத் திருப்பிவிடுவார். முதலில் சின்னச் சின்ன அடி. களைக்க வைத்த பிறகுதான் பெரியது. பொத்தானைக் கண்டபடி குத்துகிறவர் இதில் ஜெயிப்பது கடினம்.

இன்னொன்றும் இதில் இல்லை. வர்ணனை. அந்தக் காலத்து வேறு சில மல்யுத்த கேம்களில் பதிவுசெய்த வர்ணனைக் குரல் இருக்கும். பத்து வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும். ஏ.கே.ஐ. கேம்களில் இசையும் கூட்டத்தின் இரைச்சலும் அடி விழும் சத்தமும் மட்டும்தான். அந்த வெற்றிடத்தை எங்கள் வீட்டில் தம்பி நிரப்பினான். காற்பந்து வர்ணனை கேட்டு வளர்ந்தவன். "தூக்குகிறார்... தூக்குகிறார்... பார்வையாளர்கள் எழுந்து நிற்கிறார்கள்... போட்டார்!" என்று அவன் கத்தினால் அடுக்களையிலிருந்து அம்மாவே எட்டிப் பார்ப்பார். இவன் ஒருநாள் வானொலிக்குப் போவான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போனது நான்.

அன்றிரவு முதல் நான்கு ஆட்டத்தில் அவன் வாயே திறக்கவில்லை. ஐந்தாவதில் பச்சை உடைக்கார வீரரை எடுத்தான். மிட்சுஹாரு மிசாவா. அந்தப் பெயர் யார் என்று கைப்பேசியில் தேடியவன் விளையாட்டை நிறுத்திவிட்டுப் படித்தான். இந்த கேம் வந்து ஐந்தே மாதத்தில், 2000 ஜூனில், தலைமையோடு ஏற்பட்ட பிணக்கால் மிசாவா ஆல் ஜப்பானை விட்டு வெளியேறினார். குழுவின் பெரும்பாலான வீரர்கள் அவரோடு போய் 'நோவா' என்ற புதிய குழுவைத் தொடங்கினார்கள். 2009-இல் ஹிரோஷிமாவில் ஓர் ஆட்டத்தின்போது மேடையிலேயே விழுந்த மிசாவா அன்றே இறந்துபோனார். ஆக, எங்கள் கையில் இருந்த கேசட், ஒரு குழு கலைவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்த கடைசிப் படம் மாதிரி.

"எங்க ஆபீஸ்லயும் டிசம்பர்ல குரூப் போட்டோ எடுத்தாங்க" என்றான் தம்பி. வேலை போனதைப் பற்றி அவன் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினோம்.

மறுநாள் மாலை அகிஹபாராவில் மஞ்சள் கோடு போட்ட சோபு இரயிலில் ஏறினோம். காண்டா ஆற்றை ஒட்டியே போகும் பாதை. ஒச்சனோமிசு, அடுத்தது சுய்தோபாஷி. ஐந்து நிமிடம்கூட ஆகாது. இறங்கினால் வெள்ளைக் கூரையோடு தோக்கியோ டோம் தெரியும். அதன் பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அலுவலகக் கட்டடம் போன்ற ஒன்றின் ஐந்தாம் மாடியில் இருக்கிறது கொராகுவென் ஹால். 1962-இல் திறக்கப்பட்ட மண்டபம். சிறிய மண்டபம்தான். ஆனால் ஜப்பானிய மல்யுத்த ரசிகர்களுக்கு அதுதான் கோயில்.

மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியில் ஏறுங்கள். சுவர் முழுக்க ரசிகர்கள் பல்லாண்டுகளாகக் கிறுக்கிய வாசகங்கள். உள்ளே ஆரஞ்சு நிற இருக்கைகள் சரிவாக மேடையை நோக்கி இறங்குகின்றன. எங்கே உட்கார்ந்தாலும் வீரரின் மூச்சு கேட்கும் தூரம். அறிமுகத்தின்போது ரசிகர்கள் வண்ணக் காகித நாடாக்களை மேடைக்கு வீச, இளம் வீரர்கள் ஓடி வந்து நொடியில் சுருட்டி எடுக்கிறார்கள்.

பிறகு மணி. பிறகு அமைதி. நேரடி ஆட்டத்தில் வர்ணனை கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய எனக்கு, யாரும் எதையும் விளக்காத மல்யுத்தம் புதிது. கையைப் பிடித்து முறுக்குகிறார்கள், விடுவிக்கிறார்கள், மறுபடி பிடிக்கிறார்கள். காலணி உரசும் சத்தம் கேட்கிறது. முதல் பெரிய வீச்சு விழும்போது பலகை அதிர்ந்து நெஞ்சில் இடிக்கிறது. ஆட்டம் முறுகும்போது சரிவில் இருக்கும் நூற்றுக்கணக்கானோர் காலால் தரையைத் தட்டத் தொடங்க, மண்டபமே ஒரு தவில் ஆகிவிடுகிறது. சின்ன அடி முதலில், பெரியது பிறகு. சவால் விட்டால் ஊக்கம் ஏறும். நாங்கள் பாயில் உட்கார்ந்து கற்ற விதிகள் எல்லாம் இந்த மேடையில் உயிரோடு இருந்தன.

என் தாத்தா காலத்து ஆட்களுக்கு மல்யுத்தம் என்றால் கிங்காங்கும் தாரா சிங்கும்தான். 1940களின் இறுதியில் சிங்கப்பூர் வந்து தொழில்முறை மல்யுத்தம் பழகியவர் தாரா சிங். கிங்காங் சிங்கப்பூரில் வாழ்ந்து 1970-இல் அங்கேயே மறைந்தவர். அந்தக் கிங்காங் 1955-இல் தோக்கியோவில் ஆசியப் பட்டத்துக்காக மோதித் தோற்றது ரிக்கிடோசான் என்ற வீரரிடம். ரிக்கிடோசானின் சீடர் ஜெயண்ட் பாபா. பாபா 1972-இல் தொடங்கிய குழுதான் ஆல் ஜப்பான். அதன் பெயர்தான் எங்கள் கேசட்டின் மேல் இருக்கிறது. தாத்தா ரசித்த ஆளிலிருந்து நாங்கள் பிடித்த பொத்தான்வரை நான்கே கண்ணி.

கடைசி ஆட்டம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. அருகில் முணுமுணுப்பு கேட்டது. தம்பி, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்: "எழுந்துட்டார்... கால் நடுங்குது... ஆனா எழுந்துட்டார்." நான் தொழிலாகப் பேசுகிறவள். அன்று ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்றைய கேம்களில் வர்ணனை உண்டு, இணையத்தில் உலகின் மறுமுனையில் இருப்பவரோடு மோதலாம். நல்லதுதான். ஆனால் பழைய பெட்டிக்கு ஆள் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். பேச்சை நாமேதான் கொண்டுவர வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

• கேசட் மட்டும் தனியாக வாங்கினால் மலிவு. அட்டைப் பெட்டியோடு வாங்கினால் விலை பல மடங்கு ஏறும். விளையாடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பெட்டி தேவையில்லை.

• 'ஜங்க்' என்று எழுதிய கூடையில் இருப்பவை சோதிக்கப்படாதவை. ஓடினால் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் திருப்பித் தர முடியாது.

• கைப்பிடியின் நடுக்குச்சி தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். இந்தப் பெட்டிக்கு முதலில் தேய்வது அதுதான்.

• ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகினால் அன்றோடு சரி.

• கொராகுவென் ஹாலில் பல காட்சிகளுக்கு அன்றைக்கே வாசலில் டிக்கெட் கிடைக்கும். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் காதைத் திறந்து வையுங்கள்.

• நான்கு கைப்பிடி வாங்குங்கள். இரண்டு போதும் என்று நினைத்து வாங்கினோம். ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே மாமா பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.