கிற்றார் ஏன் இரையுது?

எனக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் பாடின பொப் பாட்டுகளுக்குக் காலால தாளம் போட்டதோட சரி. ஆனா ஒரு கிற்றார் இரைஞ்சா, அது எங்கையிருந்து வருது எண்டு கண்டுபிடிக்கத் தெரியும்.

அது யாழ்ப்பாணத்தில படிச்ச வித்தை. 1990இல திரும்பச் சண்டை தொடங்கினதோட எங்களுக்குக் கரண்ட் போச்சு. பற்றரியும் தடைசெய்த பொருள். செய்தி கேக்கிறதெண்டா சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தர் பெடலைச் சுத்த, டைனமோவில இருந்து ரேடியோவுக்கு வயர் போகும். நான் அப்ப ஒரு ரேடியோ திருத்துற கடையில எடுபிடி. டைனமோவில வாறது முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறி ஓடுற மின்சாரம். ரேடியோவுக்கு வேண்டியது ஒரே பக்கமா ஓடுறது. அதால நடுவில டையோட்டும் கப்பாசிட்டரும் போடவேணும். கப்பாசிட்டர் சரியில்லாட்டி செய்திக்குப் பின்னால 'ம்ம்ம்' எண்டு கேக்கும். பெடலை வேகமாச் சுத்தினா அந்த 'ம்ம்ம்'இன்ர சுருதியும் ஏறும். கிற்றாரில கேக்கிறதும் அதே சாமான்தான். இலங்கையில கரண்ட் செக்கனுக்கு 50 தரம் மாறுது, கனடாவில 60 தரம். அதால இஞ்சத்தை இரைச்சலுக்குச் சுருதி கொஞ்சம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, விசயத்துக்கு வாறன். என்னோட வேலை செய்த ஒருவரின்ர மகன் கொன்கோர்டியாவில படிக்கிறான். டவுன்டவுனில, சென்ற் கத்தரின் வீதியில இருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின்ர நிலவறையில நாலு பெடியள் சேந்து பாட்டுப் பழக அறை எடுத்திருக்கினம். இவன்ர கிற்றார் இரையுதாம். ஒரு கடையில காட்ட, பிக்கப் எல்லாம் மாத்தவேணும் எண்டிருக்கினம். சொன்ன காசு தாயின்ர ஒரு கிழமைச் சம்பளத்துக்குக் கிட்ட. தாய் ஹோட்டல் அறை துப்பரவாக்கிறவ.

"மாமா, ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ?"

மீற்றரையும் சோல்டரிங் அயனையும் பையில போட்டுக்கொண்டு மெட்ரோவில போய் கீ-கொன்கோர்டியாவில இறங்கினன்.

பிழை தேடுறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முதல் ஒண்டும் குத்தாம அம்பை மட்டும் போட்டுப் பாருங்கோ. அது பேசாம இருந்தா அம்ப் நல்லது. பிறகு வேற கேபிள் ஒண்டு போடுங்கோ. கேபிளை ஆட்டக் கரகரத்தா குற்றவாளி அதுதான். இந்த ரெண்டும் சரியெண்டா மட்டும் கிற்றாருக்குள்ள போங்கோ. அறையில நிண்ட வேறொரு பெடியன்ர சின்ன அம்பில போட்டன். அதிலயும் இரைச்சல். அப்ப கிற்றார்தான்.

வொலியூமை முழுக்கக் குறைச்சன், இரைச்சல் நிண்டுது. அப்ப ஜாக்கில பிழையில்லை. பிறகு வொலியூமைக் கூட்டிப்போட்டுக் கம்பியளைக் கையால பிடிச்சன். நல்ல கிற்றாரெண்டா பிடிச்ச உடனை இரைச்சல் குறையவேணும். எங்கட உடம்பு ஒரு அன்ரனா மாதிரி. சுத்தியிருக்கிற வயர், ரியூப் லைற்றுகளின்ர இரைச்சலை இழுத்துக் கிற்றாருக்குக் குடுக்கும். கம்பி எர்த்தோட தொடுத்திருந்தா, தொட்டவுடனை உடம்பும் அடங்கிப்போகும். இதில ஒரு மாற்றமும் இல்லை.

கேபிளின்ர மற்ற நுனியில மீற்றரை வைச்சு, சுவிச்சை மாத்தி மாத்தி மூண்டு பிக்கப்பையும் அளந்தன். மூண்டும் 6000 ஓமுக்குக் கிட்ட. உள்ளுக்கு வயர் அறுந்திருந்தா மீற்றர் வொலியூமின்ர அளவை, 250,000 ஓம் மாதிரி, காட்டியிருக்கும். ஆக மாத்தவேணும் எண்டு சொன்ன பிக்கப் மூண்டும் சுகமா இருக்கு!

பின்பக்க மூடியைக் கழட்டினா, ஸ்பிரிங்குகளைப் பிடிக்கிற இரும்பில ஒட்டியிருந்த எர்த் வயர் கழண்டு தொங்குது. ஈயம் மங்கிச் சாம்பல் நிறத்தில இருக்கு. இரும்பு நல்லாச் சூடேறாம ஒட்டினா அப்பிடித்தான். சுரண்டி, சூடாக்கி, புதுசா ஈயம் வைச்சன். பத்து நிமிச வேலை. கொஞ்ச இரைச்சல் மிஞ்சினது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில அது இருக்கும். அதுக்காகத்தான் கிப்சன் கொம்பனியில சேத் லவர் 1955இல ரெண்டு சுருளை எதிரெதிராப் போட்டு ஹம்பக்கர் செய்தவர்.

பெடியனுக்குச் சந்தோசம். தன்ர பெரிய அம்பில குத்தப் போனவன் சொன்னான்: "மாமா, இதில வாசிச்சுக்கொண்டு பாடேக்க மைக்கில வாய் பட்டா சுள்ளெண்டுது. பழகிட்டுது."

எனக்குக் கை நடுங்கிச்சுது. அம்பின்ர பிளக்கைப் பாத்தன். மூண்டாவது கம்பி, எர்த் கம்பி, இல்லை. ஆரோ குறட்டால முறிச்சிருக்கினம். அம்பும் மைக் பெட்டியும் ரெண்டு இடத்தில எர்த் ஆனா ரெண்டுக்குமிடையில ஒரு வளையம் உண்டாகி இரையும். ஒண்டின்ர எர்த்தை முறிச்சா இரைச்சல் நிக்கும். உண்மைதான். ஆனா அம்புக்குள்ள மின்சாரம் கசிஞ்சா அது போக வழியில்லை. கேபிளால கிற்றார்க் கம்பிக்கு வரும். மைக்கில வாய் பட, நடுவில நிக்கிற ஆள்தான் வயர்.

1965இல சக்கரமென்ரோ மேடையில கீத் ரிச்சர்ட்ஸ் கிற்றாரோட மைக்கில முட்டி மயங்கி விழுந்தவர். தப்பிட்டார். 1972இல வேல்ஸின்ர சுவான்சீயில லெஸ் ஹார்வி தப்பேல்லை. எர்த் ஆகாத மைக், கையில கிற்றார், மேடையிலயே உயிர் போட்டுது. இஞ்ச 120 வோல்ட்தானே எண்டு நினையாதேங்கோ. ஆளைக் கொல்ல அது காணும்.

அண்டைக்கே புதுப் பிளக் வாங்கிப் பூட்டினம். சில டொலர்தான். அம்பையும் மைக் பெட்டியையும் ஒரே பிளக் பட்டியில குத்தினம். வளையமும் போச்சு, இரைச்சலும் போச்சு, சுள்ளெண்டதும் போச்சு.

காசு மிஞ்சினதைப் பற்றித் தாய் எனக்கு ரெலிபோனில நன்றி சொன்னவ. சுள்ளெண்டதைப் பற்றி நான் அவவுக்குச் சொல்லேல்லை. உங்கட வீட்டிலயும் கிற்றார் அடிக்கிற பிள்ளையள் இருந்தா, இண்டைக்கு அந்த அம்பின்ர பிளக்கை ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ. மூண்டு கம்பியும் இருக்கவேணும்.