ஸ்ரான்லி வீதிப் பட்டறைகள்

யாழ்ப்பாணம் வருகிறவர்கள் கோட்டையைப் பார்க்கிறார்கள். நல்லூரில் கும்பிட்டுவிட்டு ஐஸ்கிறீம் குடிக்கிறார்கள். நூலகத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரியகுளம் பக்கமாக ஸ்ரான்லி வீதியில் நடந்து, மோட்டார் உதிரிப்பாகக் கடைகளையும் அவற்றை அண்டிய ஒழுங்கைகளில் இருக்கும் கராச்சுகளையும் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த ஊர் தன் மிகக் கெட்ட காலத்தைத் தாண்டியதில் பாதி அந்த ஒழுங்கைகளின் வேலை.

1619இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர், 1949இல் மாநகரசபை. இந்த வரலாறு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கராச்சுக்காரரின் வரலாறுதான் எங்கும் இல்லை.

இங்கே ஒரு கராச் என்றால் பெரும்பாலும் ஒரு வளவு, ஒரு மாமரம் அல்லது வேம்பு, அதன் கீழே தகரக் கொட்டில். கொட்டிலின் மூலையில் கழற்றிய சாமான்களின் குவியல். புதிதாக வருகிறவருக்கு அது குப்பை. கராச்சுக்காரருக்கு அதுதான் கடை. ஒரு வோசர் தேவையென்றால் கால் விரலாலேயே குவியலைக் கிளறி எடுத்துத் தருவார். பெயரிங் என்றால் எண்ணைச் சொன்னால் போதும். 6204 என்றால் உள்துளை 20 மில்லிமீற்றர், 6205 என்றால் 25. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் அளவு வந்துவிடும். 6200 முதல் 6203 வரை மட்டும் அந்தக் கணக்கு பொருந்தாது, 6203 என்றால் 17. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

காஸ்கற் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். தடித்த மட்டையை எஞ்சினின் முகத்தில் நேரே வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போடு மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். இரும்பின் விளிம்பே மட்டையை வெட்டும். துளைகள் ஒவ்வொன்றும் தானாக விழும். அளவுகோலும் கத்தரிக்கோலும் தேவையில்லை. லொறியின் வில்லுத் தகட்டை உலையில் காய்ச்சி அடித்து உளியும் கத்தியும் ஆக்குவார்கள். தேய்ந்த அரம் சுரண்டியாகும். பழைய ரியூப் ரப்பர் எங்கே ஒழுக்கு இருந்தாலும் அங்கே வோசராக உட்காரும். பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு. இவையெல்லாம் உலகமெங்கும் உள்ள பட்டறைகளில் நடப்பவைதான். யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டத்தில் இதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை மீண்டும் மூண்டது. யாழ்தேவி ரயில் வருவது நின்றது. மின்சாரம் நின்றது. அதோடு அரசின் பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம், வாகன உதிரிப்பாகம் என்று தடைப் பட்டியல் நீண்டது. ரோச் லைற்றுக்குப் போடும் சின்னப் பற்றரிகூட வரக்கூடாது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் வந்தது. அந்த மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் ஓடியது.

பெற்றோலில் ஓடும் காரை மண்ணெண்ணெயில் ஓட்டுவது எப்படி என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பெற்றோல் சாதாரண சூட்டிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் 38 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஒருமுறை சூடாகிவிட்டால் தொடர்ந்து ஓடும். இது எங்கள் தோட்டக்காரருக்கு முன்பே தெரிந்த சங்கதி. துலா போய் இறைப்பு இயந்திரம் வந்த காலத்திலிருந்தே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அப்படித்தான் இறைத்தார்கள்: தாங்கியில் இரண்டு அறை, சின்னதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் குழாயைத் திருப்பிவிடுவது. தோட்டத்துக் கிணற்றடியில் இருந்த அந்த அறிவை எங்கள் மெக்கானிக்குகள் றோட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

காரில் இரண்டு அறைத் தாங்கிக்கு எங்கே போவது? ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும் குழாய். காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, அது உறுமத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு விடுவது. அந்தப் போத்தலைச் சாரதிகள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்கள். இடையில் இறங்கி யாரோடும் கதைக்க மாட்டார்கள், எஞ்சின் ஆறினால் மறுபடி பெற்றோல் செலவு. மண்ணெண்ணெய் சிலிண்டரில் முந்தி வெடித்து எஞ்சினை அடிக்கும். சுருக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. புதிய யப்பான் கார்கள் மூலையில் முடங்கியபோது, ஐம்பதுகளில் இறங்கிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் நோயாளிகளையும் மணமக்களையும் ஏற்றிக்கொண்டு ஓடியதற்கு இதுதான் காரணம். பின்னால் வெள்ளைப் புகை. பின் இருக்கையில் இருப்பவருக்குக் கண் எரியும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஓயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும், கழற்றி அரத்தாளால் தேய்த்து மறுபடி பூட்ட வேண்டும். தேய்ந்து போனதற்கு மாற்று கிடையாது என்பதால், ஓடாத ஒரு காரைக் கழற்றித்தான் ஓடுகிற காரைக் காப்பாற்றினார்கள்.

கடைசல் பட்டறைகளுக்கும் மின்சாரம் இல்லை. இறைப்பு எஞ்சினைப் பக்கத்தில் இருத்தி, பெல்ற் போட்டு லேத்தைச் சுழற்றினார்கள். கையில் இருந்த பித்தளையை உருக்கி வார்த்துக் கடைந்து புஷ் செய்து கொடுத்தார்கள். "அரை நூல் கூடப் போச்சுது, நாளைக்கு வாங்கோ" என்று சொல்லி, நல்லதென்று மற்றவர் நினைக்கிற சாமானைத் திரும்ப உருக்குகிற மனிதரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் நாளைக்கு வருவது என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பொருந்தாததைக் கொடுத்து அனுப்ப அவருக்கு மனம் வராது.

வீடுகளுக்குள்ளும் பட்டறை நடந்தது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும், திரியைப் பிடிக்கச் சைக்கிள் ரியூப்பின் வால்வு. கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும், எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் செலவாகும். ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதியது. றேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் 6 வோல்ற் வயரில் வரும். அது ஆடலோட்டம், றேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். செத்துப்போன றேடியோக்களிலிருந்து டயோட்டையும் கொண்டென்சரையும் பிடுங்கி இடையில் ஒட்டினோம். பிபிசி தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு அயலவர் முற்றத்தில் கூடிவிடுவார்கள். சுற்றுகிற பெடியனின் கை தளர்ந்தால் செய்தியும் தளரும். "சுத்தடா தம்பி, செய்தி போகுது" என்று நாலு பக்கமும் குரல் வரும். பாட்டுக் கசெற் என்றால் இன்னும் மோசம், பாடகரின் குரல் இழுபட்டு அழுகையாகிவிடும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, ஊரே வெளிக்கிட்டு மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது, கராச்சுக்காரர்கள் லேத்தைத் தூக்கிப்போக முடியவில்லை. சாவிகளையும் குறடுகளையும் சைக்கிள் கரியரில் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். போன இடத்திலும் மரத்தடியில் கடை விரித்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு லேத் இருக்கவில்லை.

2002இல் ஏ-9 பாதை திறந்து, 2006இல் மூடி, போர் முடிந்தபின் நிரந்தரமாகத் திறந்தது. சாமான்கள் வெள்ளமாக வந்தன. வரட்டும், அதற்கு யாரும் குறை சொல்ல முடியாது. வெறும் பற்றரிக்கு ஏங்கிய ஊர் இது.

ஆனால் இன்றைய நிலைமையைச் சொல்லத்தான் வேண்டும். இப்போது கராச்சில் எதையும் பிரிப்பதில்லை. ஸ்ராட்டர் மோட்டரில் ஒரு புஷ் தேய்ந்திருந்தால் மோட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் வேலைக்கு இருபதாயிரம் ரூபாய்ப் பெட்டி. பழக வருகிற பெடியங்களுக்குப் பெட்டியை மாற்றுவதைத்தான் பழக்குகிறார்கள். வெளிநாட்டுக் காசு வந்த வளவுகளில் கொட்டில்களைப் பிடுங்கிவிட்டுக் கல்யாண மண்டபமும் விடுதியும் கட்டுகிறார்கள். பழைய லேத்துகளை இரும்புக்காரர் கிலோ விலைக்கு ஏற்றிப்போகிறார். மாரி தொடங்கினால் ஒழுங்கைக் கராச்சுக்குள் முழங்கால் வெள்ளம். வடிகாலுக்கு வரி கட்டுகிறவர்களில் கராச்சுக்காரர்களும் அடக்கம்.

2022இல் நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது எங்கள் ஆட்களுக்கு மண்ணெண்ணெய் ஞாபகம் வந்தது. அதுவும் கிடைக்கவில்லை. அந்த ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. கடற்றொழிலாளர் வள்ளத்தைக் கரையில் ஏற்றினார்கள். கராச்சுகளில் மிஞ்சியிருந்த முதியவர்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள், வரிசை முடிந்ததும் மறந்துபோனார்கள்.

பிரவுண் வீதியில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. ஒரு பருவத்துக்குப் பத்து மாணவர்களை இந்த ஒழுங்கைகளுக்கு அனுப்பி, எந்த எஞ்சினுக்கு என்ன மாற்றம் செய்தார்கள், எந்த உலோகத்தை எதில் வார்த்தார்கள், டைனமோவை எப்படி இணைத்தார்கள் என்று வரைபடத்தோடு எழுதி வாங்க எவ்வளவு செலவாகும்? ஒரு விழாவுக்குப் போடும் பந்தல் காசுகூட ஆகாது. ஒரு மண்ணெண்ணெய் மொறிஸ் மைனரையாவது, அதன் சேலைன் குழாயோடு, ஊருக்குள் ஒரு கூரையின் கீழ் நிறுத்தி வைக்கலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். காது மந்தம், கை நடுக்கம். கேட்டால் இன்னும் சொல்வார்கள். கேட்க வேண்டிய இடத்திலிருந்து எவரும் வருவதாகக் காணவில்லை.