பாட்டி குடித்த தேத்தண்ணீர்

அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்தவரிடம், “யார் ஆப்பரேஷன் செய்தது?” என்று கேட்டால் டாக்டரின் பெயரைச் சட்டென்று சொல்வார். “மயக்க மருந்து கொடுத்தது யார்?” என்று கேட்டுப் பாருங்கள். “யாரோ, முகத்தில் துணி கட்டியிருந்தாங்க” என்பார். அந்த யாரோதான் நான்.

என் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். நான் பிறந்த தோட்டத்தில் இன்று ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது, எல்லாம் செம்பனை. டாக்டருக்குப் படித்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சில காலம் வேலை பார்த்த பிறகு, 1998ஆம் ஆண்டு மயக்கவியல் பயிற்சியில் சேர்ந்தேன். 4 வருடப் பயிற்சி. “ஊசி போட்டுத் தூங்க வைக்க நாலு வருஷமா?” என்று அம்மா கேட்டார். தூங்க வைப்பது ஒரு நிமிட வேலைதான். தானாக மூச்சுவிட முடியாத ஒருவரை மணிக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, பத்திரமாக எழுப்பிக் கொடுக்கக் கற்பதற்குத்தான் அந்த 4 வருடம்.

தூங்க வைக்கும் மருந்துகளில் ஒன்று புரொப்போஃபால். அதை முதன்முதலில் ஊசிக்குழாயில் ஏற்றியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோயா எண்ணெயில் கலந்து செய்வதால், மங்கில் வடிந்த பால் மாதிரியே வெள்ளை வெளேரென்று இருக்கும். முதுகில் ஊசி போடப் பழகியபோதும் அப்பாவின் நினைவுதான். முதுகெலும்புகளைப் பிணைக்கும் நாரைத் துளைத்துப் போகும்போது ஊசி இறுக்கமாக இருக்கும். திடீரென்று அந்த இறுக்கம் விடும். அங்கேயே கை நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் போனால் உள்ளே இருக்கும் உறையில் துளை விழும். பட்டையைச் சீவு, கட்டையில் காயம் படக்கூடாது என்று அப்பா சொல்வாரே, அதே கணக்கு!

இன்று பெருமையாகத்தான் எழுதுகிறேன். அந்த நாளில் நான் தோட்டத்துப் பிள்ளை என்பதை உடன் வேலை செய்தவர்களிடம் மூச்சுவிட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குள் ஆங்கிலமும் மலாயும்தான். தமிழில் பேசினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு கூச்சம்.

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், பித்தப்பைக் கல்லை எடுக்கக் காலையில் முதல் ஆளாக ஒரு பாட்டி வந்தார். வெற்றிலைக் கறை படிந்த பல்லும் காய்ப்பேறிய கையும் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, தோட்டத்து ஆள் என்று. சுற்றிலும் தாதியரும் மற்ற டாக்டர்களும் நின்றார்கள். நான் மலாயில், “புவாசாதானே?” என்று கேட்டேன். பாட்டி தலையை ஆட்டினார். தாளில் அடையாளம் போட்டேன்.

மருந்து ஏறியது. கண் மூடியது. தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தாயிற்று. குழாய் போட வாயைத் திறந்தால், தொண்டையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் பொங்கி வருகிறது. விழித்திருக்கும்போது ஒரு சோற்றுப் பருக்கை வழி தவறினாலும் நமக்குப் புரையேறும், இருமித் தள்ளிவிடுவோம். மயக்கத்தில் அந்த இருமல் கிடையாது. வயிற்றில் உள்ளது மேலே வந்தால், புளித்த அமிலத்தோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

விரலில் மாட்டும் கருவி ஒன்று உண்டு. நாடி துடிக்கும்போதெல்லாம் ஒலிக்கும். ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய அதன் சுருதி இறங்கும். அன்று அது இறங்கிக்கொண்டே போனது. தலைப்பக்கம் கட்டிலைத் தாழ்த்தி, உறிஞ்சி எடுத்து, எப்படியோ குழாயைப் போட்டேன். மூத்த டாக்டர் ஓடி வந்தார். அறுவைச் சிகிச்சை நின்றுபோயிற்று. பாட்டி 3 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு இயந்திரத்தோடு கிடந்தார்.

வெளியே மருமகள் அழுதுகொண்டிருந்தார். “வெறும் வயித்துல மருந்து தாங்காதேன்னு ஃபிளாஸ்க்குல தேத்தண்ணி வச்சிட்டுப் போனேன், பால் ஊத்தி. நாலு ரொட்டியும்...”

மூத்த டாக்டர் சீனர். என்னைத் தனியே அழைத்து, “உனக்குத் தமிழ் தெரியுமல்லவா?” என்றார். தெரியும் என்றேன். “பிறகு ஏன் பேசவில்லை?” அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். நான் போய்க் கட்டிலருகே நின்று, “பாட்டி, உங்களுக்கு மயக்க மருந்து குடுத்தது நான்தான். ஒழுங்காக் கேக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது” என்றேன். அவர் கரகரத்த குரலில், “புவாசான்னியே, நமக்கு ஏது புவாசான்னு நினைச்சேன். இல்லைன்னா கோவிச்சுக்குவியோன்னு தலைய ஆட்டிட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, “நீ எந்தத் தோட்டம்மா?” என்று கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் முதன்முறையாக என் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பால் கலந்த தேத்தண்ணீரும் மைலோவும் எங்கள் கணக்கில் சாப்பாடுதான். வயிற்றை விட்டு இறங்க 6 மணி நேரம் விடுகிறோம். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் டாக்டர் எந்த நேரம் சொல்கிறாரோ, அதன்படி செய்யுங்கள். தெரியாமல் குடித்துவிட்டால் சொல்லிவிடுங்கள். அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகும். அவசரமென்றால் அதற்கு வேறு முறை இருக்கிறது. ஆடும் பல் இருந்தாலும், நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும். தினமும் சம்சு குடிப்பவர்கள், மனைவி எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், எங்களைத் தனியாகக் கூப்பிட்டாவது சொல்லுங்கள். கேள்வி புரியவில்லையா, தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். “ஐயா, காலையில எழுந்து தேத்தண்ணி குடிச்சீங்களா?” என்றேன்.

“சேச்சே, இல்லம்மா.”

“ஒரு மடக்கு?”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “கோப்பிதாம்மா” என்றார்.

மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தோம்.